காலர் பக்கத்து இன்ஜின்

அத்தியாயம் 5

சிவலிங்கம் நாலு நாளில் நாலு டஜன் வாழைப்பழம் சாப்பிட்டிருந்தார். தங்கம் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

இந்தச் செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவர் அவர் மனைவி சரோஜம்மா. 1966 ஜனவரிப் பனியில், காலை எட்டு மணிக்கு, தங்க வயல் ராபர்ட்சன்பேட்டையில், சோடா கடை மாடியில் ‘ஏனோக் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு தொங்கும் ஒற்றை அறைக்கு ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. நான் குணசுந்தரி. அந்த நிலையத்தில் டைப்பிஸ்ட், வாயாடி என்று இரண்டு உத்தியோகம் எனக்கு. முதல் உத்தியோகத்துக்குத்தான் என்னை வைத்தார்கள். இரண்டாவதை நானாக எடுத்துக்கொண்டேன்.

“தங்கத்த முழுங்கிட்டாருன்னு சொல்றாங்கம்மா” என்றார் சரோஜம்மா. “வெளிய வரட்டும்னு வாட்ச் ஆபீஸ்ல உக்கார வெச்சிக்கினு கீறாங்க. இன்னிக்கு ரெண்டு மணி சங்குக்குள்ள ஒப்புக்கலைன்னா ரிப்போர்ட்டு மேனேஜர் கைக்குப் போயிடுமாம். அப்புறம் வேலையும் இல்ல, கம்பெனி குடுத்த லைன் வீடும் இல்ல. ரெண்டு பொண்ணுங்கள இஸ்துக்கினு நான் எங்க போவேன்?”

ஏனோக் அண்ணா கண்ணை மூடியபடி கேட்டார். “உன் வீட்டுக்காரரு எடுத்தாரா?”

“எடுத்திருந்தா நான் ஏன் சார் இந்த சேலையில வந்து நிக்கிறேன்?”

நானும் அந்தச் சேலையைப் பார்த்தேன். அதைவிடப் பெரிய சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது.

ஏனோக் அண்ணா மேஜையை மூன்று தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் மரியாதை கெடும். இருபத்திரண்டு வருஷம் அவர் டன்பார் ஷாஃப்டில், பூமிக்குள் நேராக இறங்கும் சுரங்கக் குழியில், வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டைப் பூமிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கை. கேஜ் எங்கே நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஷாஃப்ட் வாயில் நிற்கும் பேங்க்ஸ்மேன் மணி அடிப்பான், அதைக் கேட்டு இவர் லீவரை இழுப்பார். ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு, கிளம்பு. ரிடையராகி நாலு வருஷமாகியும் மனுஷர் என்னிடம் பாதிப் பேச்சைத் தட்டித்தான் பேசுகிறார். எனக்கு அதிகம் விழுவது ஒற்றைத் தட்டு.

மூன்று தட்டு விழுந்ததால் கிளம்பினோம். ஜட்கா பிடித்து, நந்திதுர்க் பக்கம் இருக்கும் வாட்ச் ஆபீஸுக்குப் போனோம். மைன் வாசலில் ஆளைத் தடவிப் பார்த்து, தங்கம் வெளியே போகாமல் காவல் காக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வாட்ச் ஆபீசர் கோவிந்தசாமியை அதற்கு முந்தைய தீபாவளிக்குப் பார்த்திருந்தேன். அப்போது அவருக்கு முன்னால் அவர் தொப்பை வந்தது. இப்போது தொப்பையைக் காணோம். பெல்ட்டில் ஆணியால் புதுசாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். வெளியே ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடக்கிற குளிரில், இவர் சட்டையின் இரண்டு பட்டனைத் திறந்துவிட்டு ஃபேன் போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் காலி டிபன் கேரியர். பக்கத்தில் இன்னொரு டிபன் கேரியர், அதில் பாதி காலி.

“வா ஏனோக், உக்காரு, யார் இந்தப் பொண்ணு, சரி யாரா இருந்தா இன்னா, கேஸ் முடிஞ்சிப் போச்சு, அஞ்சு ப்ரூஃப் வெச்சிக்கினு கீறேன், கேளு” என்றார் ஒரே மூச்சில்.

ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். பூமிக்கு அடியில், கோவணம்கூடக் கனமாகத் தெரிகிற சூட்டில், சிவலிங்கம் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். உள்ளே சரக்கு இல்லாமல் யார் போடுவார்கள்? இது ஒன்று. ஒன்றரை மாதத்தில் எடை ஏறியிருக்கிறது, சோறு பாதிதான் தின்கிறார். தங்கம் கனமில்லாமல் வேறு என்ன கனம்? இது இரண்டு. நடையும் பேச்சும் மெதுவாகிவிட்டது, கேள்வி கேட்டால் பதில் அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறது. பொய்யை யோசிக்கிறார். இது மூன்று. கழுத்து முன்பக்கம் வீங்கிக் குரல் கட்டிப்போயிருக்கிறது. விழுங்கினது தொண்டையில் நிற்கிறது. இது நாலு.

“அஞ்சாவது?” என்றார் ஏனோக் அண்ணா.

“நாலு டஜன் பழம் உள்ள போயிருக்குது. நாலு நாளா அடக்கிக்கினு உக்காந்துகினு கீறான். திருடன் இல்லன்னா ஏன் அடக்கறான்?”

“சார், எங்க மாமாகூட வாரத்துக்கு ரெண்டு தபாதான் போவாரு” என்றேன். “அவரு திருடினதெல்லாம் அத்தையோட பொறுமையத்தான்.”

ஒற்றைத் தட்டு விழுந்தது. நிறுத்திக்கொண்டேன்.

கோவிந்தசாமி டிராயரைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். டிராயரைத் திறந்த வேகத்திலேயே மூடவும் செய்தார். “இதான் மெயின் ப்ரூஃப். அவன் சாப்பாட்டு டப்பாவுல மாட்டிச்சு. சிவலிங்கத்துக்குக் கையெழுத்துக்கு மேல எழுதத் தெரியாது. வெளியில இருந்து எவனோ ஆர்டர் குடுத்திருக்கான்.”

சீட்டில் கையெழுத்து இல்லை. அழகான எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது:

‘மேலே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காலர் பக்கத்து இன்ஜின் கேட்கவில்லை. லெவல் ரொம்ப இறங்கிவிட்டது. தினம் ஒன்று வெறும் வயிற்றில் விழுங்கவும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து பெங்களூர்.’

எங்கள் ஊர்க்காரர்கள் யார் படித்தாலும் மைன்தான் ஞாபகம் வரும். ஷாஃப்டின் வாயில் சிமெண்ட் கட்டிய விளிம்புக்குப் பெயர் காலர். பூமிக்குள் மாடி மாடியாக வெட்டிப் போகிற ஒவ்வொரு சுரங்க வழிக்கும் பெயர் லெவல். பேங்க்ஸ்மேன் சிக்னல் கொடுக்கிறான், கீழ் லெவலில் தங்கம் எடுக்கிறார்கள், தினம் ஒரு துண்டு விழுங்குகிறார்கள், மூன்று மாதத்தில் பெங்களூரில் விற்கிறார்கள். கோவிந்தசாமி அப்படித்தான் படித்திருந்தார். படித்ததோடு நிற்காமல் பேங்க்ஸ்மேனைப் பாலகாட் ஸ்டோருக்கு மாற்றி, ஷாஃப்ட் காலரில் மூன்று அடி சிமெண்டை உடைத்தும் பார்த்திருந்தார். உள்ளே ஒரு பழைய செருப்பு கிடைத்ததாம். அதையும் சீல் வைத்து வைத்திருந்தார்.

“ஆளப் பாக்கலாமா?” என்றார் ஏனோக் அண்ணா.

அனுமதிச் சீட்டில் கோவிந்தசாமி கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கிறுக்கல் மேலும் கீழும் ஆடிக்கொண்டு காகிதத்தை விட்டே இறங்கியிருந்தது.

பின்கட்டில் சிவலிங்கம் ஸ்வெட்டருக்கு மேல் இரண்டு கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, புருவத்தின் ஓரமெல்லாம் முடி கொட்டியிருந்தது. எதிரே வாட்ச்மேன் மரியகுழந்தை வாழைப்பழத்தாரோடு காவல் இருந்தார்.

“இன்னாண்ணா, ஏதாவது?” என்று கேட்டார் ஏனோக் அண்ணா மரியகுழந்தையிடம்.

“ஒண்ணியும் இல்லண்ணா. எனக்கே வயிறு ஒரு மாதிரியா கீது. அவரு தின்னாத மிச்சத்த நான்தான் தின்றேன்.”

ஏனோக் அண்ணா சிவலிங்கத்தின் முன்னால் குந்தினார். “சிவலிங்கம், சட்டை மேல் பட்டன் போடு பாக்கலாம்.”

சிவலிங்கம் கையைத் தூக்குவதற்குள் நான் நகம் கடித்து முடித்தேன். பட்டன் எட்டவில்லை. கழுத்து வீக்கம் காலரை முட்டிக்கொண்டு நின்றது. ஏனோக் அண்ணா அந்தக் காலரையே பார்த்தார். அப்புறம் சீட்டைப் பார்த்தார். மறுபடி காலரைப் பார்த்தார்.

“மாத்திரை எங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

சிவலிங்கத்தின் உதடு அசைந்தது. வாசலில் கோவிந்தசாமி வந்து நிற்பதைப் பார்த்ததும் அசைந்த உதடு நின்றுவிட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் கரகரத்து வந்தது. “அன்ஃபிட்டு.”

வெளியே வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இன்னா மாத்திரைண்ணா? யாரு சொன்னது உங்களுக்கு?”

“இந்த சீட்டு எழுதினவங்க மைன்ல வேலை செய்றவங்க இல்ல” என்றார். “டன்பார் ஷாஃப்டுல இன்ஜின் ரூம் காலர்லேருந்து இருநூறு அடி தள்ளி கீது. நான் அதுல உக்காந்து தேய்ஞ்சவன். காலர் பக்கத்துல இன்ஜினே கெடயாது. அப்ப வேற எந்தக் காலரு?” என்று தன் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். “வெறும் வயித்துல தினம் ஒண்ணு முழுங்கச் சொல்றது யாரு? திருடனா, கம்பவுண்டரா?”

சீட்டைத் திருப்பினேன். மூலையில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த ஊதாவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சிரங்கு, வெட்டுக்காயம், நாய்க்கடி என்று எது வந்தாலும் ஆண்டர்சன்பேட்டை மிஷன் டிஸ்பென்சரியில் பூசுகிற ஊதா மருந்து. பள்ளிக்கூட போட்டோவில் என் முகத்தில் பாதி அந்தக் கலரில்தான் இருக்கும்.

“ஐடா அக்கா” என்றேன்.

மணி பதினொன்றே முக்கால். இரண்டு மணிச் சங்குக்கு இரண்டேகால் மணி நேரம் இருந்தது. ஜட்காக்காரர் குதிரையைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

டிஸ்பென்சரியில் நர்ஸ் ஐடா ஒரு குழந்தையின் முட்டிக்கு ஊதா பூசிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்ததும் கை நின்றது. “நான் எழுதினதுதான். இதுக்கா அந்த மனுசன உக்கார வெச்சிருக்காங்க? ஐயோ கடவுளே. அவருக்குப் புரியட்டும்னு மைன் பாஷையில எழுதினேன். பெங்களூர் டாக்டரு இங்கிலீஷ்ல சொன்னத அவரு வாயப் பொளந்து கேட்டுக்கினு வந்தாரு. படிக்கத் தெரிஞ்சவன் எவனாவது படிச்சிக் காட்டினாலும் புரியணும்னு நெனச்சேன்.”

“எங்களுக்கும் புரிய வை” என்றார் ஏனோக் அண்ணா.

ஐடா அக்கா பஞ்சைக் கீழே வைத்தார். “மூளைக்கு அடியில ஒரு சுரப்பி கீது. கொண்டைக்கடலை சைசு. அவன்தான் பேங்க்ஸ்மேன். அவன் அடிக்கிற மணிக்கு சத்தம் கெடயாது. ரத்தத்துல துளி சரக்கு அனுப்புவான். அத்தத்தான் ஹார்மோன்னு சொல்றாங்க. அது ரத்தத்தோட சுத்திக்கினு போயி, கழுத்துல, இதோ காலர் பக்கத்துல கீற தைராய்டு சுரப்பிய எழுப்புது. தைராய்டு எழுந்து தன் சரக்க ரத்தத்துல ஊத்துது. அது போற எடமெல்லாம் வேலை நடக்குது. உடம்பு சூடாவுது, நெஞ்சு அடிக்குது, குடல் நவுருது, புத்தி ஓடுது.”

ஏனோக் அண்ணா டிரைவர் கேள்வி கேட்டார். “ரத்தம் எல்லா எடத்துக்கும்தான் போவுது. அந்த மணிய முட்டி கேட்டுச்சுன்னா? மூக்கு கேட்டுச்சுன்னா?”

“ஷாஃப்டுல மணி அடிச்சா ஊருக்கே கேக்குது. லீவர இழுக்கறது நீங்க ஒருத்தர்தானே? அப்படித்தான். எந்த சிக்னல் யாருக்கோ அவன்தான் எடுத்துக்குவான். லெவல் நெறஞ்சிச்சுன்னா மேல மணி தானா நிக்கும். இறங்கிச்சுன்னா திருப்பி அடிக்கும். இதே மாதிரி உடம்புல இன்னும் பல எடத்துல கீது. வயித்துக்குப் பின்னால ஒண்ணு, சர்க்கரைக்கு. கிட்னி தலைமேல ஒண்ணு, அது பயத்துக்கு.”

எங்களோடு வந்து மூலையில் நின்ற சரோஜம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு அதுதான் நாலு நாளா அடிச்சிக்கினு கீதும்மா.”

“சிவலிங்கம் அண்ணாவுக்கு இன்ஜின் நகரல” என்றார் ஐடா அக்கா. “அது நகரலன்னு மேல இருக்கறவன் விடாம மணி அடிக்கிறான். அந்த அடியிலேயே கழுத்து சுரப்பி வீங்கிப் போச்சு. உடம்பு சில்லுன்னு ஆயிடும், அதான் ஸ்வெட்டரு. எதையும் எரிக்கறதுக்கு சூடு இல்ல, அதான் எடை. குரல் கட்டிப்போவும், பேச்சு இழுக்கும், கையும் காலும் சோம்பும். குடலு தூங்கிடும்.”

அஞ்சு ப்ரூஃபும் வரிசையாக விழுந்ததை நான் விரல் மடக்கி எண்ணினேன். நாலு டஜன் பழத்தையும் தோற்கடித்தது தூங்கிப்போன ஒரு குடல். அதைப்போய் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த மனுஷனைத் திருடனாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் சரோஜம்மா. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதாரும்மா” என்றார் ஐடா அக்கா. “மைன் டாக்டருக்குத் தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாங்க, வீடு போயிடும், பொண்ணுங்க இருக்குதுன்னு. பாட்டில் லேபிளக் கூட கிழிச்சி எடுத்துட்டாரு. மாத்திரை போட்டா மனுசன் ஆறு வாரத்துல ஃபிட்டு. ஒன்றரை மாசம் முன்னாடி நூறு மாத்திரை குடுத்தேன்.”

“போட்டிருந்தா?” என்றார் ஏனோக் அண்ணா.

“போட்டிருந்தா இந்நேரம் ஸ்வெட்டர கழட்டியிருப்பாரு. போடல. பாட்டில் எங்க போச்சுன்னு தெரியல.”

ஏனோக் அண்ணா ஐடா அக்காவை ஓரமாகக் கூட்டிப்போய் காதில் ஏதோ கேட்டார். ஐடா அக்கா காதில் ஏதோ சொன்னார். சொல்லச் சொல்ல அண்ணாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது. துப்பறிகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் இது ஒன்றுதான். கூடவே ஓடுகிற என்னைவிடக் கதவுக்கும் சுவருக்கும் அதிகம் தெரிந்துவிடுகிறது.

“அக்கா, நீயும் வா. வாட்ச்ச எடுத்துக்க” என்றார் அண்ணா. மேஜையில் மூன்று தட்டு.

வாட்ச் ஆபீஸில் ரிப்போர்ட் தயாராக இருந்தது. மணி ஒன்று நாற்பது. கோவிந்தசாமி மூன்றாவது டிபன் கேரியரின் அடித்தட்டை வழித்துக்கொண்டிருந்தார். ஐடா அக்கா நோயைச் சொன்னார். மணி, பேங்க்ஸ்மேன், இன்ஜின், காலர், எல்லாம் சொன்னார். கோவிந்தசாமி கேட்டுக்கொண்டே அறைக்குள் எட்டு முறை நடந்தார்.

“கதை நல்லாகீது. நோய்னா மருந்து எங்க? மாத்திரை எங்க? காட்டு. மணி ரெண்டாவப் போவுது.”

“காட்டறேன் சார்” என்றார் ஏனோக் அண்ணா. “அதுக்கு முன்னாடி கைய நீட்டுங்க.”

“எதுக்கு?”

“ரெண்டு கையும். இப்படி, உள்ளங்கை கீழ பாக்கிற மாதிரி.”

கோவிந்தசாமி நீட்டினார். ஏனோக் அண்ணா அந்த ரிப்போர்ட் காகிதத்தையே எடுத்து அவர் விரல்கள்மேல் பரப்பி வைத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். மரியகுழந்தை நிறுத்தினார். காற்று இல்லாத அறையில் காகிதம் மட்டும் படபடவென்று ஆடியது. எல்லாரும் அந்தக் காகிதத்தைப் பார்த்தோம். கோவிந்தசாமியும் பார்த்தார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்க்கிற மாதிரி.

ஐடா அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைப் பார்த்தார். “நாடி நூத்தி முப்பத்தி ரெண்டு. சும்மா நின்ன எடத்துல.”

“எனக்கு இன்னா?” என்றார் கோவிந்தசாமி. “சூப்பரா கீறேன். தொப்பை போச்சு. ராத்திரி தூக்கமே தேவைப்படல. மூணு ஆள் சாப்பாடு சாப்புடறேன். இருபது வயசுல இப்படி இருந்தேன்.”

“சார்” என்றார் ஏனோக் அண்ணா. “டிராயர்ல எத்தினி மிச்சம்?”

“பதினொண்ணு” என்றார் கோவிந்தசாமி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஏனோக் அண்ணா டிராயரைத் திறந்தார். லேபிள் கிழித்த பழுப்பு பாட்டில் உருண்டு வந்தது. ஐடா அக்கா வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். “இதேதான்.”

“ஆறு வாரத்துக்கு முன்னாடி கேட்டுல இத்தப் புடுங்கினீங்க” என்றார் அண்ணா. “இன்னாடா இதுன்னு கேட்டீங்க. அன்ஃபிட் பயத்துல அவன் இன்னா சொன்னான்?”

கோவிந்தசாமி நாற்காலியில் சரிந்தார். “உடம்புக்கு பலம் வர்றதுக்குன்னு சொன்னான்.”

“லேபிள் இல்லாத பாட்டில். தங்க வயல்ல வேலை செய்றவன். பலத்துக்கு மாத்திரை. நீங்க இன்னா நெனச்சீங்க?”

“தங்க பஸ்பம்” என்றார் கோவிந்தசாமி சன்னமாக. “மைன் தங்கத்த எடுத்து எவனோ வைத்தியன்கிட்ட பஸ்பம் பண்ணி முழுங்கறான்னு நெனச்சேன். ஒண்ணு போட்டுப் பாத்தேன். ஒரு வாரத்துல உடம்பு பறந்துது. அப்புறம் காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு.”

எனக்குச் சங்கதி இப்போதுதான் முழுசாக விளங்கியது. நோய் இல்லாதவன் அந்த மாத்திரையைத் தின்றால் என்ன ஆகும் என்றுதான் அண்ணா ஐடா அக்கா காதில் கேட்டிருக்கிறார். நாலு நாளாகக் கோவிந்தசாமி சிவலிங்கத்தைத் திருட்டுக்காக மட்டும் கேள்வி கேட்கவில்லை. பாட்டில் தீரப்போகிறது. அடுத்த பாட்டில் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டில் பெங்களூர் என்று வேறு போட்டிருந்தது. அட்ரஸ் இல்லாததில் வந்த கோபத்தைத்தான் வாழைப்பழமாக ஊட்டியிருக்கிறார்.

“இதுல தங்கம் இன்னா, தகரம்கூட இல்ல” என்றார் ஐடா அக்கா. “ஆட்டோட கழுத்து சுரப்பிய காய வெச்சி அரைச்சி பண்ணினது.”

கோவிந்தசாமி சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கை ஜன்னல் வழியாகப் பார்த்தால்கூடத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர். கையை வாயில் வைத்தார். பின்பக்கம் ஓடுவதா, உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

“சார், எம்பத்தொம்போது ஆடு” என்றேன். “ஒரு மந்தை.”

அண்ணா ஒற்றைத் தட்டுத் தட்டவில்லை. இந்த ஒரு தடவை எனக்கு லைசென்ஸ் கிடைத்தது.

“இத்தோட விட்டா பரவால்ல சார்” என்றார் ஐடா அக்கா. அவர் குரலில் சிரிப்பு இல்லை. “இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நெஞ்சு தாங்கியிருக்காது. இந்த ஓட்டத்துல நின்னுடும். உங்க காலர்ல இப்ப நடக்கறது வேற கூத்து. வெளியிலேருந்து சரக்கு கொட்டுதுன்னு மேல பேங்க்ஸ்மேன் மணிய நிறுத்திட்டான். மணி இல்லன்னதும் உங்க சொந்த இன்ஜின் படுத்துடிச்சு. மாத்திரைய இன்னியோட நிறுத்துங்க. அது எழுந்து வர்றதுக்கு சில வாரம் ஆவும். அது வரைக்கும் உங்களுக்கும் குளிரும், தூக்கம் வரும், வயிறு நகராது.”

“பழம் மிச்சம் கீது சார்” என்றார் மரியகுழந்தை, உண்மையான அக்கறையோடு.

சரோஜம்மா அதுவரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இரண்டடி முன்னால் வந்தார். அவருக்கு ஆடும் புரியவில்லை, பேங்க்ஸ்மேனும் புரியவில்லை. “என் வீட்டுக்காரரு மருந்த நீ தின்னுட்டு, அவர திருடன்னு உக்கார வெச்சியா சார்?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

மணி ஒன்று ஐம்பத்தி மூன்று. ஏனோக் அண்ணா ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “எழுது குணா. சிவலிங்கத்து மேல தப்பு ஒண்ணுமில்ல. பேங்க்ஸ்மேன திருப்பி அழச்சிக்கணும். சிவலிங்கத்துக்கு ஆறு வாரம் பூமிக்கு மேல வேலை. அதுக்கப்புறம் மைன் டாக்டர் பாத்து ஃபிட்டா இல்லையான்னு சொல்லட்டும்.”

“அன்ஃபிட்டுன்னு சொல்லிட்டா?” என்றார் சரோஜம்மா.

“மாத்திரை உள்ள போனா சொல்ல மாட்டாங்க. நான் கூட வர்றேன்” என்றார் ஐடா அக்கா, புதுப் பாட்டிலை அவர் கையில் வைத்தபடி.

“தேடின சாமான் இன்னாச்சுன்னு மேனேஜர் கேப்பாரே?” என்றேன் நான்.

ஏனோக் அண்ணா கோவிந்தசாமியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காணாமல் போன பொருள் காலருக்கு அருகில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி எழுது. எந்தக் காலர்னு எழுத வேணாம்.”

கோவிந்தசாமி கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தின்மேல் தந்தி அடித்தது. போட்டு முடிக்கவும் இரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

சிவலிங்கம் மாத்திரை போட்ட ஒன்பதாம் நாள், மரியகுழந்தை வேலையைப் போட்டுவிட்டு எங்கள் மாடிக்கு ஓடி வந்தார். சிவலிங்கம் வயிறு திறந்த சேதியைச் சொன்னார். “வெறும் பழம்தான்ணா. நல்லா பாத்துட்டேன்” என்றார். உத்தியோக தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஆறு வாரம் கழித்து, மாசிக் கடைசியில், சரோஜம்மா மறுபடி மாடி ஏறி வந்தார். அக்குளில் ஒரு காகிதப் பொட்டலம். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தார். எனக்குப் பக்கென்றது. டாக்டர் அன்ஃபிட் எழுதிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“இன்னாம்மா ஆச்சு?” என்றார் ஏனோக் அண்ணா.

“அவருக்கு வேர்க்குது சார்” என்றார் சரோஜம்மா. “நேத்து டாக்டரு ஃபிட்டுன்னு எழுதிட்டாரு. ராத்திரி சோறு தின்னும்போது முதுகெல்லாம் வேர்த்துப் போச்சு. விசிறு சரோஜான்னாரு. ஒரு வருசமா அந்த வாயில நான் கேக்காத வார்த்த சார் அது. விடிய விடிய விசிறிக்கினு இருந்தேன்.”

ஏனோக் அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டைப் மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தேன். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது, அதை ஒளிப்பானேன்.

பொட்டலத்தில் இருந்தது அந்த ஸ்வெட்டர். துவைத்து மடித்திருந்தார். “இனிமே அவருக்கு வேணாம். அந்த ஆபீசரு வெயில்ல நாற்காலி போட்டு நடுங்கிக்கினு உக்காந்துகினு கீறாருன்னு கேள்விப்பட்டேன். நல்லதோ கெட்டதோ, மனுசன்தானே. குடுத்துடுங்க” என்றார்.

நானே கொண்டுபோனேன். ஒன்றரை மணிக்கு மைன் வாசலில் ரெண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கோவிந்தசாமி கம்பளிக்குள் சுருண்டிருந்தார். தொப்பை மறுபடி தலைகாட்டியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அது யாருடையது என்று பார்த்தார். அப்புறம் கையை நுழைத்துப் போட்டுக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. சிவலிங்கம் வந்து நின்றார், வெறும் பனியனில், நெற்றியில் வேர்வை மினுமினுக்க. கோவிந்தசாமி அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூலையில் பழுப்பு பாட்டில் இருந்தது. இந்தத் தடவை லேபிளோடு.

கோவிந்தசாமி அதைத் தொடவில்லை. மூடியைப் போட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்வெட்டரின் காலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“இன்னிக்குப் போட்டுக்கினியா?”

“போட்டுக்கினேன் சார்” என்றார் சிவலிங்கம், பளிச்சென்று. பதில் அதே ஷிஃப்டிலேயே வந்தது.

“போ” என்றார் கோவிந்தசாமி. ஷாஃப்ட் வாயில் மணி மூன்று தடவை அடித்தது.